புதுக்கூத்திற்குத் தமிழ்ச்சொல் இல்லையா?



சில திங்கள்களுக்கு முன்னர்க் கோவையில் நடந்த ஓர் ஆடல் நிகழ்ச்சிக்குச் சென்றிருந்தேன். ஊர்தோறும் சென்று ஆடிவரும் ஒரு குழுவினர், அன்று மாலை நான்கு ஆடல்களை அடுத்தடுத்து ஆடிக் காட்டினர். அவை பரதமும் அல்ல; கதகளியும் அல்ல; திரைப்பாட்டிற்கு ஆடும் ஆட்டமும் அல்ல. செய்தித்தாள்கள் 'தற்கால நடனம்' என்றெழுதும் புதுவகை ஆடல்கள். இத்தகைய அரங்குகட்குச் செல்லும் வழக்கம் எனக்கில்லை. அக்குழுவில் ஆடும் பெண்களுள் ஒருத்தி என்னிடம் பத்தாம் வகுப்பில் தமிழ் பயின்றவள். 'ஐயா கட்டாயம் வரவேண்டும்' என்று அவள் அழைத்தமையாற் சென்றேன்.

என் பக்கத்து இருக்கையில் அவள் தாய் அமர்ந்திருந்தார். காங்கயத்தை அடுத்த ஒரு சிற்றூரினின்று பேருந்தேறி வந்தவர். அவருடைய தந்தையார் அவ்வட்டாரத்தில் ஒயிற்கும்மி பயிற்றிய ஆசிரியர். வாயிலிற் கொடுத்த நிகழ்ச்சித்தாளை அவ்வம்மையார் இரு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். விளக்கணையுமுன் அதனை என்னிடம் நீட்டி, "ஏனுங்கய்யா, என்ற புள்ள ஆடறதுக்கு என்ன பேருன்னு இதுல போட்டிருக்குதுங்க?" என்று வினவினார்.

வாங்கிப் பார்த்தேன். நான்கு பக்கம், ஓர் எழுத்தும் தமிழில் இல்லை. ஆடற்பெயர்களுள் இரண்டு ஆங்கிலம், ஒன்று வடமொழி, ஒன்று எம்மொழி என்றே விளங்கவில்லை. நுண்ணெழுத்தில் இருந்த ஆங்கில விளக்கத்தைப் படித்தேன், ஓரளவு புரிந்தது. ஆயின், அதனை அத்தாய்க்குத் தமிழில் எடுத்துச்சொல்ல, முப்பதாண்டுகளாகத் தமிழ் கற்பிக்கும் எனக்கு நாவெழவில்லை. "ஏதோ புதுவகை ஆட்டமுங்க" என்று சொல்லித் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். அன்றிரவு வீடு திரும்பிய பின்னும் அந்நாணம் என்னை விட்டபாடில்லை. அந்நாணமே இக்கட்டுரையை எழுதுவிக்கின்றது.

முதற்கண், அன்று கண்டதைக் கண்டவாறே சொல்கின்றேன். முதலாடலில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இசையே இன்றி ஆடினர். அவர்தம் மூச்சொலியும் காலொலியுமே தாளம். ஒருவர் சாய, மற்றவர் தாங்கினார். தாங்கியவர் தளர, சாய்ந்தவர் எழுந்து தாங்கினார். இரண்டாவதில் அறுவர் தரையில் வீழ்ந்தும், உருண்டும், முழந்தாளிட்டும், மீண்டெழுந்தும் ஆடினர். என் மாணாக்கி ஆடியது இதில்தான். மூன்றாவதில் பின்திரையில் ஒளியுருக்கள் ஓட, ஆடுவோர் தம் நிழலோடு தாமே எதிர்த்தாடினர். நான்காவது, விரைந்த கொட்டொலிக்கு அனைவரும் கூடி ஆடியது. ஒன்றிலும் கதையில்லை. ஒருவர் மெய்யிலும் அணிகலன் இல்லை. கோவிற்சிலைபோல் உடுத்தவரும் இலர்.

நம்மவருள் ஒருசாரார் இதனைக் கேட்டதும் சொல்வது யாதென யானறிவேன். 'இஃது மேலையர் கூத்து. கதையில்லை, பாட்டில்லை, மெய்ப்பாடில்லை. தரையில் உருள்வதும் ஓர் ஆடலா? இதற்கு ஏன் தமிழ்ப்பெயர் தேடுதல் வேண்டும்?' என்பர். அரங்கினுட் புகும்வரை யானும் அக்கருத்தினனே. வெளிவந்து சிலப்பதிகார உரையை மீண்டும் புரட்டிய பின்னரே என் அறியாமை எனக்குத் தெரிந்தது.

சிலப்பதிகாரத்திற்கு உரைகண்ட அடியார்க்கு நல்லார் யார்? நம் கொங்குநாட்டு நிரம்பை என்னும் ஊரினர் என்று ஆராய்ந்தோர் காட்டுவர். அவரைப் புரந்தவன் பொப்பண்ண காங்கேயர் கோன் என்பது உரைப்பாயிரத்தால் அறியப்படும் செய்தி. அவ்வுரை முழுமையாகக் கிடைத்திலது. எனினும், உ.வே. சாமிநாதையர் 1892-இல் அச்சேற்றிய பதிப்பால் எஞ்சியதேனும் நமக்குக் கிட்டியது. அவ்வுரையில் அவர் கூத்தினை எவ்வாறு வகுக்கின்றார் என்று பாருங்கள்.

சாந்திக்கூத்தினைச் சொக்கம், மெய், அவிநயம், நாடகம் என நான்காக்குகின்றார். சொக்கமாவது தூய ஆடல். கரணங்களால் மட்டுமே ஆவது. அவிநயக்கூத்தாவது கதை தழுவாது ஆடுவது. நாடகமாவது கதை தழுவி ஆடுவது. கதையில்லாத கூத்து கூத்தாகுமா என்று இன்று நாம் வினவுகின்றோம். கதை தழுவியதும் தழுவாததும் என இரண்டையும் பிரித்துப் பெயரிட்டு, இரண்டிற்கும் இடங்கொடுத்தவர் எண்ணூறு ஆண்டுகட்கு முன்னர் வாழ்ந்த நம் கொங்கு உரையாசிரியர்!

தரையில் வீழ்ந்தாடுதல் ஆடலா என்னும் வினாவிற்கும் அவ்வுரையிலேயே விடையுண்டு. மாதவி ஆடிய பதினோராடலையும் நின்றாடல் ஆறு, வீழ்ந்தாடல் ஐந்து என இருகூறாக்கினர் பண்டைக் கூத்தநூலார். அல்லியம், கொட்டி, குடை, குடம், பாண்டரங்கம், மல் என்பன நின்றாடல். துடி, கடையம், பேடு, மரக்கால், பாவை என்பன வீழ்ந்தாடல். அப்பண்டை ஆடலும் இன்றைய ஆடலும் ஒன்றே என்று யான் சாதிக்கவில்லை. அங்ஙனஞ் சொல்லுதல் பொய்யாகும். நிலத்தோடு பொருந்தி ஆடுவதைத் தமிழர் இழிவாக எண்ணவில்லை; அதனை ஒரு வகையாகவே கொண்டு பெயருமிட்டனர் என்பதே யான் சொல்வது.

ஒரே மாலையில் தொடர்பற்ற பல ஆடல்களை வரிசையாக ஆடிக்காட்டுதலும் நமக்குப் புதிதன்று. கடலாடு காதையில் மாதவி ஆடியது என்ன? சிவனாடிய கொடுகொட்டி, மாயோனாடிய குடக்கூத்து, முருகனாடிய துடி, திருமகளாடிய பாவை எனப் பதினொன்று. ஒவ்வொன்றும் தனித்தனிச் சூழலினது. ஒவ்வொன்றிற்கும் வேறு கோலம். தனித்தனிப் பாக்களைத் தொகுத்து எட்டுத்தொகை கண்ட இனத்திற்குத் தனித்தனி ஆடல்களின் தொகுதிக்குப் பெயரிடத் தெரியாதா? 'ஆடற்றொகை' என்று சொன்னால் எட்டாம் வகுப்புச் சிறுவனுக்கும் விளங்குமே!

ஒளியமைப்பைப் பற்றியும் ஒரு சொல். அன்று அரங்கில் விளக்குகளை இயக்குதற்கென்றே தனியே ஒருவர் அமர்ந்திருந்தார். அருகிலிருந்தோர் அதனை மேலை அறிவியல் என்று வியந்தனர். அரங்கேற்று காதையைப் படித்தவர்க்கு அவ்வியப்பு எழாது. அரங்கின் அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் 1 கோல். ஒரு கோலாவது 24 பெருவிரல் அளவு. ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி எனத் திரை மூன்று. தூணின் நிழல் ஆடுமிடத்தில் விழாதவாறு விளக்கை நிறுத்துதல் வேண்டும் என்பதும் அங்கே விதி. இன்று மின்விளக்கு வந்துவிட்டது, கணினி வந்துவிட்டது. நிழல் எங்கே விழுதல் வேண்டும், எங்கே விழுதலாகாது என்னும் கவலை மட்டும் அன்றுபோல் இன்றும் ஒன்றே.

ஆகவே, குறை ஆடலில் இல்லை. பின் எங்கே உள்ளது? பெயரில் உள்ளது, பெயரிடும் உரிமையை நாம் கைவிட்டதில் உள்ளது.

இந்தியாவிற் புத்தாடல் தோன்றிய வரலாற்றைச் சற்றே நோக்குங்கள். 1930-களின் இறுதியில் உதயசங்கர் இமயமலைச் சாரலில் அல்மோராவில் ஆடற்பள்ளி நிறுவியபோது, அங்கே சென்று கற்பித்த ஆசான்களுள் ஒருவர் நம் நட்டுவனார் கந்தப்ப பிள்ளை. அதன் பின்னர்ப் புத்தாடலுக்குச் சென்னையிலிருந்து உலகப்பெயர் பெற்றுத்தந்தவர் சந்திரலேகா. 1928-இற் பிறந்து 2006-இல் மறைந்த அவ்வம்மையார் வடபுலத்தவர். சென்னைக்கு வந்து காஞ்சிபுரம் எல்லப்ப பிள்ளையிடம் ஆடல் கற்றவர். தெய்வக்கதையையும் அணிகலனையும் நீக்கி, தமிழ் அடவினையும் சேரநாட்டுக் களரிப்பயிற்சியினையும் இணைத்து மெய்யின் ஆற்றலையே ஆடலாக்கினார். அவர்தம் துணிவையும் உழைப்பையும் யான் மதிக்கின்றேன். ஆயின் அவர் ஆடல்களின் பெயர்களைக் கேளுங்கள்: 1985-இல் 'அங்கிகா', பின்னர் 'லீலாவதி', 'யந்த்ரா', 2001-இல் 'சரீரா'. கற்பித்தவர் தமிழ் நட்டுவனார்; ஆடியது தமிழகக் கடற்கரை நகர்; அடவுக்குப் பெயர் தட்டடவு, நாட்டடவு, குத்தடவு. ஆடி முடிந்தபின் ஆடலுக்கு இட்ட பெயர் மட்டும் வடமொழி! 'மெய்' என்னும் ஓரசைச் சொல்லுக்குள் உடம்பும் உண்மையும் ஒருங்கே அடங்கிய மொழி பக்கத்தில் இருந்தும், 'சரீரம்' தேடிச் சென்றது ஏன்?

இன்னொன்று. பெங்களூரில் 1992-இல் தோன்றியது 'ஆட்டக்களரி' என்னும் ஆடல் நிறுவனம். ஆட்டம், களரி என்னும் இரண்டும் நாமும் மலையாளத்தாரும் பங்கிட்டுக்கொண்ட சொற்கள். இப்பெயரைக் கேட்கவே செவி குளிர்கின்றது. அக்குழு ஐரோப்பா முதலிய பல நாடுகட்கும் சென்று ஆடிய படைப்புகளுள் ஒன்றிற்கு அடிப்படையாகக் கொண்டது நம் சிலப்பதிகாரம். அப்படைப்பின் பெயர் யாது தெரியுமா? 'கிரோனோடோப்பியா'! காலம், இடம் என்னும் பொருளுள்ள இரு கிரேக்கச் சொற்களின் ஒட்டு. காலத்தையும் இடத்தையும் சேர்த்து 'முதற்பொருள்' என்று தொல்காப்பியம் பெயரிட்டிருக்கின்றதே! இளங்கோவின் பாவியத்தை எடுத்தோர் தொல்காப்பியரின் சொல்லை எடுக்கவில்லை. பிறிதோர் ஆடலுக்கு 'மெய்த்வனி' என்று பெயர். பாதி தமிழ், பாதி வடமொழி. மெய் வரைக்கும் வந்தவர்க்கு 'ஒலி' வரைக்கும் வரத் தடையென்ன?

அக்குழுவினரை வசைபாடுதல் எளிது. யான் அதனைச் செய்யேன். இளங்கோவைத் தேடி வந்தவர்க்கு அருகிலிருந்து சொல் எடுத்துக்கொடுக்க நம்மவர் எத்துணைப்பேர் சென்றோம்? கேளாதவனுக்கும் கொடுத்தல் புலவன் கடன். கேட்க வந்தவன் வாயிலில் நிற்கும்போது நாம் உள்ளே அமர்ந்து அசைக்கும் சீருக்கும் அலகிட்டுக்கொண்டிருந்தோம்.

பெயர்தானே, போனாற் போகட்டும் என்பார்க்கு ஒரு வரலாறு நினைவூட்டுவேன். கோவில்களிலும் அவைகளிலும் சதிர் என்னும் பெயரால் வழங்கிய ஆடல், 1930-களில் 'பரத நாட்டியம்' என்று பெயர் மாறிற்று. பெயரோடு மாறியவை எவை? வழிவழியாக ஆடிய குடும்பத்துப் பெண்டிர் அரங்கினின்று மறைந்தனர். கற்பித்த நட்டுவனார் ஓரத்திற்குச் சென்றனர். மேடையும் மதிப்பும் வேறு கைக்குப் போயின. பெயர் மட்டுமே இதனைச் செய்தது என்று சொல்லேன். சட்டமும் குமுகாய மாற்றமும் உடன்சேர்ந்தன. ஆயினும் பெயர் மாறிய நாளிலேயே உரிமை மாற்றத்திற்குக் கதவு திறந்துவிட்டது. இன்று புத்தாடலுக்குப் பெயரில்லாமல் விட்டோமெனில், நாளை நம் பிள்ளைகளே அதன் அரங்கில் விருந்தினராய் நிற்பர்.

பிறநாட்டார் என்ன செய்தனர்? சப்பானியர் 1959 அளவில் ஒரு புத்தாடலைத் தோற்றுவித்தனர். உடல் வெண்பூச்சுடன், மெல்ல நகர்ந்து, நிலத்தோடு தாழ்ந்து ஆடுவது. அதற்குத் தம் மொழியிலேயே 'புட்டோ' என்று பெயரிட்டனர். இன்று அமெரிக்கனும் பிரஞ்சுக்காரனும் அச்சப்பானியச் சொல்லையே சொல்கின்றனர். செருமனியில் உப்பர்த்தால் நகரில் 1973 முதல் பீனா பௌசு அம்மையார் வளர்த்த ஆடல் நாடகத்திற்குச் செருமன் மொழிப் பெயரே உலகெங்கும் வழங்குகின்றது. தம் சொல்லைத் தாம் மதித்தனர். உலகம் பின் மதித்தது. புதுமை வேண்டுமெனில் தாய்மொழியை விடவேண்டும் என்னும் மயக்கம் அவர்கட்கில்லை.

இனி, குற்றத்தின் பெரும்பங்கு யாருடையது என்று நெஞ்சறியச் சொல்வேன். என்போன்ற புலவருடையது. அரங்கேற்று காதையை யான் எத்தனை முறை நடத்தியிருப்பேன்! 5 அகவையில் தொடங்கி 7 ஆண்டு பயின்று 12 அகவையில் மாதவி அரங்கேறினாள். தலைக்கோற் பட்டமும் ஆயிரத்தெண் கழஞ்சுப் பொன்மாலையும் பெற்றாள். இவையனைத்தும் ஒரு மதிப்பெண் வினாக்களாகிப் போயின. 'பதினோராடல் யாவை?' என்று கேட்டேன். பிள்ளைகள் பட்டியலை ஒப்பித்தனர். ஒரு நாளேனும் 'ஒரு குடத்தை எடுத்துவா, ஆடிப்பார்ப்போம்' என்று நான் சொன்னதுண்டா? சொல்லை மனப்பாடமாக்கினேன், மெய்யை இருக்கையிலேயே கட்டிவைத்தேன். அன்று அரங்கில் உருண்டெழுந்த அப்பெண்ணுக்கு 'வீழ்ந்தாடல்' என்னும் சொல்லை யான் கற்பிக்கவே இல்லை.

நிகழ்ச்சி முடிந்தபின் அவளிடம் கேட்டேன்: "அம்மணி, தரையிற் படிந்தாடினீர்களே, அதனை உங்கள் பயிற்சியில் என்னவென்று சொல்வீர்கள்?" ஓர் ஆங்கிலத் தொடரைச் சொன்னாள். அதனைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கின் 'தரைவேலை' என்றாகும். கொத்தனார் பணிபோல் இருந்தது. 'வீழ்ந்தாடல்' என்று நான் சொன்னதும் அவள் கண் விரிந்தது. "எங்க தாத்தா கும்மியடிக்கு ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேரு சொல்லுவாருங்கய்யா. எனக்கு ஒண்ணு ரெண்டுதான் நெனவிருக்குது. அவரு போயிட்டாருங்க," என்றாள். அவ்வொரு சொல்லில் என் நெஞ்சு சுட்டது. பாட்டன் காலடிக்குப் பெயர் வைத்திருந்தான். பேர்த்தி காலடி வைக்கின்றாள், பெயர் இல்லை. இடையில் ஒரு தலைமுறை என்ன செய்துகொண்டிருந்தது? அத்தலைமுறை யாம்தாம்.

கொங்குநாட்டிற்கு ஆடற்செல்வம் குறைவா? வள்ளி ஒயிற்கும்மி, பவளக்கொடிக் கும்மி, பெருஞ்சலங்கை ஆட்டம், மாரியம்மன் நோன்பில் கம்பத்தைச் சுற்றி ஆடும் கம்பத்தாட்டம் என எத்துணை! ஒயிற்கும்மியைப் பெண்டிர்க்கும் கற்பித்துப் பரப்பிய கோவை மாவட்டத்துப் பத்திரப்பனார்க்கு 2024-இல் தில்லியரசு 'பத்மசிறீ' விருது வழங்கிற்று. இன்று சிற்றூர்களிற் சிறுமியரும் பாட்டியரும் ஒரே வட்டத்தில் நின்று கும்மியாடுகின்றனர். மகிழ்ச்சியே. ஆயின் அவ்வடிகளின் பெயர்களை, அவ்வாசான்கள் சொல்லும் திருத்தச் சொற்களை எழுதிவைப்பார் மிகச் சிலரே. விருது ஒருவர் கழுத்தில் விழும். எழுதப்படாத சொல்லோ அவரோடு போகும்.

எழுதிவைத்தலின் பயனுக்கும் கொங்குநாடே சான்று. அடியார்க்கு நல்லார் தமக்கு உதவியாகக் கொண்ட ஐந்து நூல்களுள் ஒன்று பஞ்சமரபு. மறைந்ததென்று எண்ணியிருந்த அந்நூலின் ஏட்டினைத் தேடிக்கண்டு 1970-களிற் பதிப்பித்தவர் கொங்குநாட்டு வித்துவான் தெய்வசிகாமணிக் கவுண்டர். இசையும் கூத்தும் அவிநயமும் தாளமும் பேசும் நூல் அது. ஒரு தனிமனிதர் ஓலையைத் தேடியலைந்தமையால் ஒரு நூல் உயிர்பெற்றது. முறுவல், சயந்தம், குணநூல், செயிற்றியம் என்பனவோ உரையாசிரியர் காலத்திலேயே இறந்துபட்டன. அவற்றின் பெயரும் ஒருசில நூற்பாக்களுமே எஞ்சின.

ஆகவே, செய்யவேண்டுவனவாக எனக்குத் தோன்றுவன இவை.

ஒன்று: தமிழ்நாட்டில் எக்குழு வந்து ஆடினும், நிகழ்ச்சித்தாள் தமிழிலும் இருத்தல் வேண்டும். அதனைக் கேட்டுப் பெறுதல் அரங்கிற்குச் செல்வோர் உரிமை. ஒழுங்கு செய்வோர் 'எழுதித்தர ஆளில்லை' என்பாராயின், அவ்வூர்த் தமிழாசிரியர் கூலி கேளாது எழுதிக்கொடுத்தல் வேண்டும். கோவையில் அப்பணிக்கு யான் ஆயத்தமாக உள்ளேன்.

இரண்டு: தமிழாசிரியர் புத்தாடல் அரங்குகட்குச் செல்லுதல் வேண்டும். பாராமல் பழித்தலும் பாராமல் பெயரிடுதலும் ஒன்றே. பார்த்து, ஆடுவோரோடு பேசி, அவர்தம் மெய்யறிந்த பின் சொல் தருதல் வேண்டும். புத்தாடல், ஆடற்றொகை, ஆடலாசான், இருவராடல், வீழ்ந்தாடல் என்று யான் இங்கே வழங்கியவற்றினும் சிறந்தன உளவாயின் மகிழ்வேன்.

மூன்று: அரங்கேற்று காதை நடத்தும் நாளில் வகுப்பறைக்கு ஒரு கும்மியாசானை அழைத்து வாருங்கள். அரை நாழிகை போதும். பேரூர்க் கோவிற் கனகசபையிலே காலைத் தலைக்குமேல் தூக்கி நிற்கும் கற்கூத்தனைப் பிள்ளைகட்குக் காட்டி, அந்நிலையின் பெயரைக் கேளுங்கள்.

நான்கு: முதிய ஆட்ட ஆசான்களின் சொற்களை, அவர்தம் வாய்மொழியாகவே, இவ்வாண்டே எழுதத் தொடங்குங்கள். ஊருக்கு ஒரு குறிப்பேடு போதும்.

ஐந்து: புத்தாடல் பயிலும் இளைஞர்காள்! உங்களை யான் பகைவராக எண்ணவில்லை. உங்கள் மெய் ஏழாண்டு, பத்தாண்டு உழைத்துப் பழகியது. அதற்கு ஏற்ற பெயரை உங்கள் தாய் படிக்கத்தக்க எழுத்தில் இடுங்கள். வெளிநாட்டிற்குச் செல்லுங்கால் அப்பெயரையும் உடன் கொண்டு செல்லுங்கள். 'புட்டோ' என்று சொல்லப் பழகிய உலக நாவிற்குக் 'கூத்து' என்று சொல்வது கடினமன்று.

அன்றிரவு பேருந்து நிலையத்தில் அத்தாயிடம் மீண்டும் பேசினேன். "அம்மா, தங்கள் மகள் ஆடியது கதை தழுவாத கூத்து. அதில் அவள் வீழ்ந்தாடினாள். பழந்தமிழ்க் கூத்திலும் வீழ்ந்தாடல் என்று ஒரு வகை உண்டு, நம் கொங்குநாட்டுப் புலவர் ஒருவரே அதனை எழுதிவைத்தார்" என்றேன். அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பின், நிகழ்ச்சித்தாளை மடித்து, "அதை இதுல தமிழ்ல எழுதிக் குடுங்கய்யா, ஊர்ல கேப்பாங்க" என்றார்.

எழுதிக் கொடுத்தேன். ஒரு தாளில் ஒரு வரி. எஞ்சிய வரிகளை எழுதவேண்டியவர் நாமனைவரும்.